தினம் ஒரு தகவல் பலகை: தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்காக எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"உலகிலேயே மிகப் பெரிய விலங்கு நீலத் திமிங்கலம்." பள்ளி வாசல் பலகையில் இப்படி எழுதிப் போட்டால் பிள்ளைகள் வாசிப்பார்கள், தலையாட்டுவார்கள், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அது நினைவில் இருக்காது. தகவல் சரிதான். ஆனால் பாலக்கோட்டிலோ தளியிலோ இருக்கும் பிள்ளை அதைத் தொட்டுப் பார்க்கவோ, அளந்து பார்க்கவோ, வீட்டில் போய்க் கேட்கவோ வழியில்லை. பிள்ளை அன்றைக்கே தன் கையாலோ கண்ணாலோ சோதித்துப் பார்க்கக்கூடிய தகவல்தான் மனத்தில் ஒட்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. திமிங்கலமும் செவ்வாய்க் கோளும் வேண்டாம் என்பதல்ல. முதல் மூன்று மாதம் வாசற்படியிலிருந்து தொடங்குங்கள்.

பள்ளி ஆசிரியர், மாலை நேர வகுப்பு எடுப்பவர், ஊர் நூலகம் நடத்துபவர், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் என எல்லோருக்கும் முறை ஒன்றே. பலகையின் அளவு மட்டும்தான் மாறும்.

பலகை

3 அடி அகலம், 2 அடி உயரம் போதும். பிளைவுட்டில் கரும்பலகை பெயிண்ட் இரண்டு கை அடித்தாலே நல்ல பலகை கிடைக்கும். பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் உடனே எழுதிவிடாதீர்கள். ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். இதைச் செய்யாமல் எழுதினால் முதல் நாள் எழுதிய எழுத்தின் தடம் எத்தனை முறை அழித்தாலும் போகாமல் பேய் மாதிரித் தெரிந்துகொண்டே இருக்கும்.

20 அடி தள்ளி நிற்கும் பிள்ளை வாசிக்க எழுத்து 2 அங்குல உயரம் இருக்க வேண்டும். அந்த அளவில் எழுதினால் வரிக்கு 14, 15 எழுத்துதான் பிடிக்கும், மொத்தம் ஆறு வரி வரும். முதல் வரி தேதிக்கு, கடைசி வரி கேள்விக்கு. நடுவில் இருக்கும் நான்கு வரிக்குள் 10 முதல் 12 சொல் அடங்கும். உங்கள் தகவலுக்கான அளவு அவ்வளவுதான். பெரும்பாலான பலகைகள் தோற்பது இங்கேதான். ஐம்பது சொல்லை நெருக்கி எழுதியிருப்பார்கள், ஒருவரும் பக்கத்தில் போய் வாசிக்க மாட்டார்கள்.

வெள்ளையும் மஞ்சளும் தூரத்துக்குத் தெரியும். சிவப்பும் நீலமும் மங்கிவிடும், அவற்றைப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகையை ஈரத்துணியால் துடைத்தால் முழுக்கக் காய்ந்த பிறகே எழுத வேண்டும். ஈரத்தில் எழுதியது முதலில் தெரியாது, காய்ந்ததும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு டஸ்டருக்கு அசையாது. காலை வெயில் நேராக விழும் கிழக்குப் பார்த்த சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

வாரக் கணக்கு

திங்கள் அறிவியல், செவ்வாய் புவியியல், புதன் மொழி, வியாழன் வரலாறும் பண்பாடும். வெள்ளிக்கிழமை புதிய தகவல் கூடாது. அந்த நாலு தகவலிலிருந்தும் கேள்வி மட்டும் எழுதுங்கள். ஐந்து நாளும் புதிது புதிதாகத் திணித்தால் திங்கட்கிழமைத் தகவல் வெள்ளிக்குள் காணாமல் போய்விடும். ஒரு கல்வியாண்டில் இப்படி ஏறக்குறைய 150 தகவல் வரும். அதுவே தாராளம்.

100 பக்க நோட்டு ஒன்று தனியாக வையுங்கள். தேதி, தகவல், எங்கே எடுத்தது, எப்படிச் சரிபார்த்தது, பிள்ளைகள் திருப்பிக் கேட்ட கேள்வி என ஐந்து கட்டம். கடைசிக் கட்டம்தான் பொன். அடுத்த மாதத்துக்கான தகவல்கள் அதிலிருந்தே முளைக்கும்.

எடுப்பதும் சரிபார்ப்பதும்

ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சாட்சி இல்லாமல் எதையும் எழுத வேண்டாம். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் அனுப்பினாலும் அது ஒரு சாட்சிகூட அல்ல. பாடநூல், அகராதி, அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள், நேரில் செய்து பார்த்த சோதனை ஆகியவை சாட்சிகள்.

அதியமானை எடுத்துக்கொள்ளுங்கள். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர், அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் நெல்லிக்கனி கொடுத்ததை ஔவையார் பாடியது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. இது இலக்கியச் சாட்சி. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டில் அதே நெடுமான் அஞ்சியின் பெயர் வருகிறது. இது கல்லின் சாட்சி. பாட்டும் கல்லும் சேர்ந்து சொல்வதால் அஞ்சி உண்மையில் வாழ்ந்த மன்னன் என்று தயங்காமல் எழுதலாம்.

இதே இடத்தில்தான் அடிக்கடி ஒரு தவறும் நடக்கிறது. "ஆத்திசூடி பாடிய ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி தந்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அஞ்சியைப் பாடிய ஔவை சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். பெயர் ஒன்று, ஆள் வேறு.

சில தகவல்களுக்குத் தேதி போட்டே எழுத வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு ஏறக்குறைய 4,200 ஆண்டு பழமையானது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அப்போது தமிழ்நாட்டில் அதுவே மிகப் பழைய இரும்பு. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலக்கணக்கு வந்தது, அது இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் போனது. "தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பு நம் மயிலாடும்பாறையில்" என்று எழுதிய பலகை அன்றோடு தவறாகிவிட்டது. "மயிலாடும்பாறை இரும்புக்கு 4,200 வயது" என்று எழுதிய பலகை இன்றும் சரியாக இருக்கிறது. 'முதல்', 'பெரிய', 'பழைய' என்ற சொற்களைக் கண்டால் பேனாவை நிறுத்தி யோசியுங்கள். அவை இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்றால் எடுத்துவிடுங்கள்.

பொதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பொய்கள் சிலவற்றுக்கு உண்மை இது. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மின்னல் ஒரே இடத்தில் மறுபடி விழும். மூளையில் 10 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துகிறோம் என்பது தவறு. இந்தியாவுக்கு அரசமைப்பில் தேசிய மொழி என்று எதுவும் கிடையாது. அலுவல் மொழி என்பது வேறு. ஹாக்கியையும் தேசிய விளையாட்டாக அரசு அறிவித்ததில்லை. இவற்றை 'நம்பினது, உண்மை' என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் போட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களோடு வாதம் செய்வார்கள். அந்த வாதம் நல்லது.

அறிவியல்: நிழல் இல்லாத பொழுது

தருமபுரி 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். தருமபுரிக்கு ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்டு 20, 21ஐ ஒட்டியும். ஓசூர் வடக்கே இருப்பதால் ஏப்ரலில் ஓரிரு நாள் பிந்தியும் ஆகஸ்டில் ஓரிரு நாள் முந்தியும் வரும். பலகையில் இப்படி எழுதுங்கள்: "இன்று நடுப்பகலில் நம் நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். எத்தனை மணிக்கு?"

விடை 12 மணி அல்ல. ஏப்ரலில் ஏறக்குறைய 12:16, ஆகஸ்டில் 12:21. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கத்துக்குக் கணக்கிட்டது. தருமபுரி 78 டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு 17 நிமிடம் பிந்தி உச்சி வருகிறது. ஆண்டு முழுக்கச் சூரியன் ஒரே சீராக ஓடாததால் இந்த நேரமும் நகரும். நவம்பர் தொடக்கத்தில் 12:01க்கே உச்சி, பிப்ரவரி நடுவில் 12:30 தாண்டிவிடும்.

செய்முறை: 30 செ.மீ. நீள பிவிசி குழாய்த் துண்டு ஒன்று, சமமான சிமெண்ட் தரை, சாக்பீஸ், சரியான நேரம் காட்டும் கைப்பேசி. தரை சமமா என்று பார்க்க ஒரு தட்டில் விளிம்புவரை தண்ணீர் வையுங்கள், ஒரு பக்கம் வழிந்தால் இடத்தை மாற்றுங்கள். குழாயை நிறுத்தி, கல் கட்டிய நூலைப் பக்கத்தில் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். 11:50லிருந்து 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் குழாயை நோக்கி வந்து, அடியில் மறைந்து, மறுபக்கம் கிளம்பும். அந்த மறைவைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

எங்கே பிசகும்? குழாய் ஒரு டிகிரி சாய்ந்தாலே 5 மி.மீ. நிழல் தெரியும். 4 நிமிடம் தவறினாலும் அதே 5 மி.மீ. ஒரு நாள் முன்பின் ஆனால் 2 மி.மீ.தான், அது பொருட்டல்ல. ஆகவே தேதியைவிட நேரமும் நேர்நிலையும்தான் முக்கியம். ஏப்ரல் வெயிலில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் நிற்க வைக்காதீர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து புள்ளி வைத்துவிட்டு நிழலுக்குப் போகட்டும். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், அதனால் முன்னும் பின்னும் இரண்டு நாளைச் சேர்த்தே ஒதுக்கிவையுங்கள்.

அறிவியலில் வேறு சில. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். புளிக்கரைசலில் தேய்த்த பித்தளைச் சொம்பு பளபளப்பது புளியின் அமிலத்தால். பட்டுப்புழு ஒரு கூட்டுக்குச் சுற்றும் இழை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ஊரில் பட்டுக்கூடு வளர்ப்பவர் இருந்தால் ஒரு கூட்டை வாங்கி, பெரியவர் ஒருவர் வெந்நீரில் போட்டு இழை நுனியைத் தேடி எடுத்துக் காட்டலாம்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. சுண்ணாம்புச் சத்து, 100 மி.லி. பசும்பாலில் சுமார் 120. இதை "களியில் பாலைவிட மூன்று மடங்கு" என்று எழுதிவிடாதீர்கள். 350 என்பது காய்ந்த மாவுக்கு. தண்ணீர் ஊற்றிக் கிண்டினால் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். அப்போது ஒரே எடைக்குக் களியும் பாலும் கிட்டத்தட்டச் சமம். "களி உருண்டையும் பாலும் சுண்ணாம்புச் சத்தில் தோழர்கள்" என்றால் சரி.

தண்ணீர் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டிய ஒன்று

நம் இரு மாவட்டங்களிலும் பாறையிலிருந்து கரையும் ஃபுளூரைடு பல ஊர்களின் போர் தண்ணீரில் கூடுதலாக இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் பல ஆண்டு குடித்தால் வளரும் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பும் கெடும். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது.

பலகையில்: "கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது." கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது, ஃபுளூரைடு பாத்திரத்திலேயே தங்குகிறது, அதனால் அளவு கூடத்தான் செய்யும். பிள்ளைகளுக்குக் காட்ட உப்புத் தண்ணீர் போதும். ஒரு கரண்டியில் காய்ச்சினால் தண்ணீர் போய் உப்பு மிஞ்சும். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர், மற்றதற்குப் போர் தண்ணீர் என்பதுதான் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய செய்தி. இந்தத் தகவல் எழுதும் நாளில் வகுப்பில் பல் கறை உள்ள பிள்ளை இருக்கும். யாரையும் உதாரணம் காட்டாதீர்கள், "வாயைத் திற" என்று சொல்லாதீர்கள். அது பல் விளக்காததால் வந்ததல்ல என்று பொதுவாக உரக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

புவியியல்: நம் தெரு மழை எந்த ஆற்றுக்கு?

இங்கே இரண்டு ஆறு. நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் வழியாகக் கடலூர் அருகே கடலில் சேரும் தென்பெண்ணை ஒன்று. குடகில் பிறந்து ஒகேனக்கல்லில் நம் மண்ணில் இறங்கும் காவிரி மற்றொன்று. பஞ்சப்பள்ளி அணை வழியாக வரும் சின்னாறு காவிரிக்குப் போகிறது, அரூர்ப் பக்கத்து வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது. மழை பெய்த மறுநாள் பிள்ளைகள் தெரு ஓடையைத் தொடர்ந்து போய் எந்த ஏரியில் விழுகிறது, அந்த ஏரி நிரம்பி வழியும் கோடி எங்கே போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு அம்புக்குறி போட்டு வரையட்டும். சிறு பிள்ளைகளுக்கு ஏரிவரை போதும், 6ஆம் வகுப்புக்கு மேல் என்றால் ஆறுவரை. ஓடும் தண்ணீருக்குள் யாரும் இறங்கக் கூடாது, தனியாகவும் அனுப்பக் கூடாது.

ஆடிப்பெருக்கு வாரத்தில் கேட்க ஒரு கேள்வி: நம் ஊரில் பெருமழை இல்லாமலே காவிரி பெருகுவது எப்படி? குடகிலும் வயநாட்டுப் பக்கமும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம் அது. வழிபாடு, மழை, வரைபடம் மூன்றும் ஒரே தகவலில் வந்துவிடும்.

மொழி: ப எங்கே போச்சு?

மொழித் தகவலுக்கு இந்த இரு மாவட்டம்போல வளமான இடம் வேறு இல்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது கேட்கும். முதல் நாள் எழுதுங்கள்: "கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. ஒகேனக்கல் என்றால் புகைக்கல்." அருவியின் சாரல்தான் அந்தப் புகை.

அடுத்த புதன்கிழமை தமிழ், கன்னடச் சொற்பட்டியலைத் திறந்துவிடுங்கள். பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பாம்பு ஹாவு, பன்றி ஹந்தி. பழைய கன்னடத்தில் இவையும் ப-வில்தான் தொடங்கின, பிறகு ஹ ஆயின. தெலுங்கில் பாலு, புலி என்று ப அப்படியே நிற்கிறது. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களாகவே செய்ய ஆரம்பிப்பார்கள். ஒருவர் "பேனா, ஹேனா" என்பார். சிரித்துத் தள்ளாதீர்கள், நல்ல வாய்ப்பு அது. பேனா பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த சொல், அந்த மாற்றம் நடந்தபோது இங்கே இல்லை. வடமொழியிலிருந்து போன புஸ்தகமும் கன்னடத்தில் புஸ்தகமாகவே இருக்கிறது. விதி எது, விலக்கு எது என்பதைக் கன்னடம் பேசும் வகுப்புத் தோழரிடம் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள். வீட்டு மொழி வேறாக இருப்பதால் ஒதுங்கி உட்காரும் பிள்ளை அன்றைக்கு வகுப்புக்கே ஆசிரியர்.

கடைசியாக ஓசூர். ஹொச ஊரு, அதாவது புதிய ஊர். பழங்கன்னடத்தில் பொச, தமிழில் புது. நம் புதூரும் ஓசூரும் ஒரே பெயர்.

வரலாறும் பண்பாடும்

ஊர் எல்லையில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் கல் பல இடங்களில் நடுகல்தான். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டும் ஊரைக் காத்தும் விழுந்த வீரனுக்கு நட்ட கல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் வீரனோடு சேர்த்து கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள். கல்லைப் பார்க்கப் போகும்போது எண்ணெயோ சுண்ணாம்போ பூசக் கூடாது, எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்கக் கூடாது. தாளில் வரைந்து வந்தால் போதும்.

சில தகவல்களை அதற்குரிய தேதியில் வையுங்கள். பிப்ரவரி 9, கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமான நாள். அக்டோபர் 2, தருமபுரி 1965இல் மாவட்டமான நாள். ஜூலை 23, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த நாள். டிசம்பர் 10, ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878இல் ராஜாஜி பிறந்த நாள். மாங்காய்க் காலத்தில் கிளிமூக்கு, செந்தூரா, நீலம், மல்கோவா கொட்டைகளைக் காயவைத்து அளந்து வரிசைப்படுத்தலாம்.

பழக்கவழக்கம் எழுதும்போது "நாம் எல்லோரும் இப்படிச் செய்கிறோம்" என்று எழுதாதீர்கள். வகுப்பில் எல்லா வீடும் ஒன்றல்ல. "சில வீடுகளில்" என்று தொடங்கி, "உங்கள் வீட்டில் எப்படி?" என்று முடியுங்கள்.

தவறாக எழுதிவிட்டால்

அழித்துவிட்டு அமைதியாக இருந்துவிடக் கூடாது. மறுநாள் அதே இடத்தில் "நேற்று எழுதியது தவறு, சரியானது இது" என்று மஞ்சளில் எழுதி, தவறைக் கண்டுபிடித்த பிள்ளையின் பெயரையும் அடியில் போடுங்கள். அதன் பிறகு பலகையை வாசிக்கும் கூட்டம் கூடும், தவறு தேடுவதற்காகவே வருவார்கள்.

முதல் வாரத்துக்கு இப்படி எழுதலாம். திங்கள்: "புளியில் அமிலம் இருக்கிறது. பித்தளையைத் தேய்த்துப் பார்." செவ்வாய்: "தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து கடலூரில் கடலைத் தொடுகிறது." புதன்: "ஒகேனக்கல் என்றால் புகைக்கல்." வியாழன்: "தருமபுரியின் பழைய பெயர் தகடூர்." வெள்ளிக்கிழமை காலை மூன்று கேள்வி, நான்காவது இடத்தைக் காலியாக விட்டு, சாக்பீஸைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள்.